டி.என்.ஏ. பழுதுநீக்க மரபணு வேறுபாடுகளும் கடும் இரத்தப் புற்றுநோயும்

டி.என்.ஏ. பழுதுநீக்க மரபணு வேறுபாடுகள் என்பவை, உயிரணுக்களின் டி.என்.ஏ.வில் ஏற்படும் சிதைவுகளைச் சரிசெய்யும் புரதங்களுக்கான மரபணுக்களில் ஆளுக்கு ஆள் காணப்படும் சிறு மாற்றங்கள் ஆகும். கடும் இரத்தப் புற்றுநோய்க்கான (லுகேமியா) மருந்துகள் பலவும் டி.என்.ஏ.வைத் தாக்கியே புற்றணுக்களை அழிக்கின்றன. ஆகவே இவ்வேறுபாடுகள் சிகிச்சையின் பலனை மாற்றுகின்றனவா என்பது ஆராயப்பட்டு வருகிறது.

பின்னணி

கடும் நிணநீர்க்கல இரத்தப் புற்றுநோய் சிறுவரிடமும், கடும் எலும்பு மச்சைக்கல இரத்தப் புற்றுநோய் முதியோரிடமும் மிகுதியாகக் காணப்படுகின்றன. பின்னதற்கு சைட்டராபின் 7 நாட்களும் டானோரூபிசின் 3 நாட்களும் தருவது நெடுங்கால வழக்கமாகும். பழுதுநீக்கம் நடைபெறும் முறையை விளக்கியமைக்காக தாமஸ் லிண்டால், பால் மோட்ரிச், அசீஸ் சன்சார் ஆகியோர் 2015 இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர்.

இருமுகத் தாக்கம்

பழுதுநீக்கம் குறைந்தால் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பு கூடலாம். ஆயினும் அதே குறை, புற்றணுக்கள் மருந்துக்கு எளிதில் மடியவும் காரணமாகலாம். இதற்கு மாறான நிலையும் உண்டு. மெர்காப்டோபியூரின் மருந்து டி.என்.ஏ.வில் சேர்ந்ததும், பொருந்தா இணைகளைத் திருத்தும் புரதங்களே அதைக் கண்டறிந்து உயிரணுவின் இறப்பைத் தூண்டுகின்றன. இப்புரதங்களுள் ஒன்றுக்கான எம்.எஸ்.எச்.6 மரபணுவை இழந்த புற்றணுக்கள் மருந்திலிருந்து தப்புகின்றன. நோய் மீண்டும் வந்த சிலரிடம் இவ்விழப்பு காணப்பட்டுள்ளது. இது பிறவியில் வந்த வேறுபாடு அன்று. புற்றணுக்களில் மட்டும் பின்னர் ஏற்பட்டதாகும்.

ஆய்வுகள்

எக்ஸ்.பி.டி. மரபணுவின் 751 ஆம் இடத்தில் லைசினுக்குப் பதிலாக குளூட்டமின் அமையும் வடிவத்தை இரு பிரதிகளிலும் கொண்ட முதிய எலும்பு மச்சைக்கல நோயாளிகளுக்கு, நோய் மீளாதிருக்கும் காலம் குறைவு என 2004 இல் பிரித்தானிய ஆய்வு ஒன்று தெரிவித்தது. எக்ஸ்.ஆர்.சி.சி.1 மரபணு வேறுபாடுகளுக்கும் சிறுவரின் நிணநீர்க்கல நோய்க்கும் உள்ள தொடர்பைத் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தினர் 2005 இல் ஆராய்ந்து வெளியிட்டனர். எனினும் இத்தகைய ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. குறைந்த எண்ணிக்கையிலான நோயாளிகள், வேறுபட்ட சிகிச்சை முறைகள் ஆகியன இதற்குக் காரணங்களாகும்.

மருத்துவப் பயன்பாடு

இவ்வேறுபாடுகளைக் கொண்டு சிகிச்சையைத் தீர்மானிப்பது வழக்கத்தில் இல்லை. புற்றணுக்களின் நிறப்புரி மாற்றங்களும், சிகிச்சைக்குப் பின் எஞ்சும் புற்றணுக்களின் அளவுமே முதன்மையாகக் கருதப்படுகின்றன.

மாறாக, இதனோடு நெருங்கிய என்.யு.டி.டி.15 மரபணு நடைமுறைப் பயன் கொண்டது. இதன் நொதி, மெர்காப்டோபியூரினிலிருந்து உருவாகும் நச்சு மூலக்கூறுகள் டி.என்.ஏ.வில் சேருமுன் அவற்றைச் சிதைக்கிறது. 139 ஆம் இடத்தில் ஆர்ஜினினுக்குப் பதிலாக சிஸ்டீன் அமையும் வடிவத்தை இரு பிரதிகளிலும் கொண்ட சிறுவர்கள், திட்டமிட்ட மருந்தளவில் ஏறத்தாழ 8 விழுக்காட்டையே தாங்கினர் என 2015 ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. இவ்வடிவம் கிழக்காசியரிடம் மிகுதி. இந்தியரிடமும் குறிப்பிடத்தக்க அளவில் உண்டு. ஐரோப்பியரிடம் அரிது. எனவே ஐரோப்பியரை அடிப்படையாகக் கொண்டு வகுத்த அளவு இங்குள்ள சில குழந்தைகளுக்கு மிகையாகி, வெள்ளணுக்கள் வெகுவாகக் குறைந்து, உயிருக்கு ஆபத்தான தொற்று ஏற்படலாம். புதுச்சேரி ஜிப்மர் போன்ற மருத்துவமனைகளில் சிகிச்சை பெறும் சிறுவருக்கும் இது பொருந்தும். இம்மரபணுச் சோதனையின் முடிவுக்கேற்பத் தொடக்க அளவைக் குறைக்கப் பன்னாட்டு வழிகாட்டுதல்கள் பரிந்துரைக்கின்றன.