சிறையோர் வழக்கும் மன்றக் கட்டணமும்

செங்கற்பட்டுக்கு அணித்தாகவுள்ள வல்லத்தில் மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரைக் கோயில் ஒன்று உளது. அவன் அடியானாகிய வயந்தப்பிரியரைசரின் மகன் கந்தசேனன் அதனைச் செய்வித்தான் என ஆங்குள்ள தமிழ்க் கல்வெட்டு அறிவிக்கின்றது. அவ்வேந்தனே வடமொழியில் மத்தவிலாசப் பிரகசனம் என்னும் நகைநாடகத்தை இயற்றியவன். காஞ்சியில் நிகழும் அந்நாடகத்தில், தன் கபாலத்தை இழந்த காபாலிகன் பௌத்தத் துறவிமேற் பழி சுமத்துகின்றான். மன்றத்திற்குச் செல்லலாம் எனப் பாசுபதன் கூற, காபாலிகன் துணைவி தேவசோமை உடன்படாள். விகாரங்களின் செல்வத்தால் எதிரி மன்றத்தாரைத் தன்வயப்படுத்துவான். வறியோர்க்கு அங்கு இடமில்லை என்பது அவள் கருத்து.

ஈண்டுக் குறிக்கப்பெறுவது கையூட்டே, கட்டணம் அன்று. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் பிழையாம். எனினும், வழக்கை ஆராயுமுன்னரே வாயிலிற் பொருள் வேண்டப்படின் வறியோன் செய்வது யாது என்னும் வினா இரண்டிற்கும் பொதுவாகும். அவ்வினா சிறைப்பட்டோரிடத்து மேலும் கடுமையுறுகின்றது. பிற்காலச் சட்டங்கள் அதற்கு அளித்த விடையை இனி நோக்குவாம்.

1870-ஆம் ஆண்டின் நீதிமன்றக் கட்டணச் சட்டம், சிறைப்பட்டோர் அளிக்கும் மனுவிற்குக் கட்டண விலக்கு நல்கிற்று. ஆண்டுள்ள சொல் 'மனு' என்பதே. உரிமையியல் வழக்கைத் தொடங்கும் 'வழக்குரை' அன்று. மாமல்லபுரக் கடற்கரையில் தன் மனையைப் பிறர் கவர்ந்தனர் என வழக்கிட விழையும் செங்கற்பட்டுச் சிறையாளன் ஒருவனை எடுத்துக்காட்டாகக் கொள்வாம். அவனுக்குப் புகலாக இருந்தது 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்து 33-ஆம் கட்டளையாகும். வறுமையை மெய்ப்பிப்போர் கட்டணம் செலுத்தாது வழக்கிட அது இசைவளித்தது.

ஆயினும் தடைகள் இரண்டு உள. விண்ணப்பத்தை விண்ணப்பிப்போரே நேரில் அளித்தல் வேண்டும். மன்றத்திற்கு வருதலினின்று விலக்குப் பெற்றோர் மட்டுமே முகவர் வழி அளிக்கலாம். மேலும், கட்டணம் ஒழிக்கப்படுவதன்று, ஒத்திவைக்கப்படுவதே. வென்றால் வழக்குப் பொருள்மேல் முதற்பொறுப்பாகும். தோற்றால் வழக்கிட்டவனே செலுத்துதல் வேண்டும். இதற்கிடையே காலமும் நில்லாது. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் இளையோர்க்கும் மனநலம் இழந்தோர்க்கும் அளிக்கும் நீட்டிப்பைச் சிறைப்பட்டோர்க்கு அளிக்கவில்லை.

இங்ஙனம் வழக்கிட்டோரை 'பாப்பர்' என்றே மன்றங்கள் வழங்கின. 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்விழிசொல்லை நீக்கி, 'வறியவர்' எனும் பொருள்தரும் சொல்லை அமைத்ததோடு, அவர்க்கு இலவச வழக்கறிஞரைப் பெறுதற்கும் வழி வகுத்தது. 1987-இல் இயற்றப்பெற்று 1995 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டமோ இன்னும் ஒருபடி மேற்சென்றது. காவலில் இருத்தலையே அது உதவிக்குரிய தகுதியாக்கிற்று. அவர்க்கு வருமான வரம்பு இல்லை. வழக்கிற்கு முதல்நோக்கில் அடிப்படை உண்டென ஆணைக்குழு கருதின் போதும். மன்றக் கட்டணமும் அவ்வுதவியுள் அடங்கும்.

கட்டுண்டோன் நிலையை 1870-இல் மனுவளவில் உணர்ந்த சட்டம், வழக்களவில் உணர்தற்கு 117 ஆண்டுகள் சென்றன. எனினும், இவ்வுரிமை உண்டென்பதைச் சிறையாளன் அறிந்தாலன்றி அது பயன்படாது. அதனை அவன் அறியும் மொழியில் எடுத்துரைத்தல் சட்ட அறிஞர்க்கே அன்றித் தமிழறிஞர்க்கும் உரிய கடன் என்பது எம் துணிபு.