மணி ஒலிக்காத ஆண்டிறுதி

பள்ளியாண்டுக்கு ஒரு தொடக்கம் உண்டு, முடிவும் உண்டு. தமிழகத்துப் பிள்ளைகளுக்கு அம்முடிவு கோடையோடு வருவது. முழுப் பரீட்சை முடிந்ததும் வேப்பம்பூ உதிரும் வெயிலில் அவர்கள் வீடு திரும்புவர். மலேசியத் திருநாட்டிலோ கோடை எனத் தனித்ததொரு பருவம் இல்லை. வெயிலும் மழையும் ஆண்டு முழுவதும் மாறிமாறி ஆட்சி செய்யும். நம் பிள்ளைகளின் நெடுவிடுமுறை பல்லாண்டுகளாக நவம்பர், டிசம்பர் மாதங்களின் மழையோடுதான் வந்தது. தீபாவளி ஒட்டி வரும்; பரிசளிப்பு விழா நடைபெறும்; ஆறாம் ஆண்டு மாணவர்க்குப் பிரியாவிடை நல்கப்பெறும்; இரவலாகப் பெற்ற பாடநூல்களை எண்ணி ஒப்படைத்த பின் இறுதி மணி ஒலிக்கும்.

அந்த மணி ஒலிக்காத ஆண்டொன்று நம் காலத்தில் வந்தது. கோறனி நச்சில் என்றும் கோவிட்-19 என்றும் நாம் அழைத்த பெருந்தொற்று, 2020-ஆம் ஆண்டின் பள்ளி நாள்காட்டியைச் சிதைத்தது. அச்சிதைவு எவ்வாறு நேர்ந்தது, அதனால் நாம் இழந்தது யாது, கற்றது யாது என்பவற்றைச் சுங்கை வே என்னும் ஊரை நடுவாக வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊரும் மக்களும்

சுங்கை என்பது மலாய்மொழியில் ஆற்றைக் குறிக்கும் சொல். பெட்டாலிங் செயாவின் ஒரு பகுதியாகிய சுங்கை வே, இன்று ஸ்ரீ செத்தியா என்றும் வழங்கப்பெறுகிறது. கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடைப்பட்ட இவ்வட்டாரம் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்களால் சூழப்பட்டிருந்தது. 1948-இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்ட பின்னர்ச் சீனர்கள் குடியேற்றப்பட்ட புதுக்கிராமம் ஒன்று இங்கு எழுந்தது. 1950-களில் தோட்ட நிலத்தின்மீது பெட்டாலிங் செயா நகரம் உருவாயிற்று. 1970-களின் தொடக்கத்தில் தடையற்ற வாணிக வலயம் சுங்கை வேயில் அமைந்தது. மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தன. பால்மரத்தை நம்பி வாழ்ந்தோரின் மக்கள் ஆலைச் சங்கின் ஒலிக்கு எழத் தொடங்கினர்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பல தம் மாணவர்களைப் பின்தொடர்ந்து நகர்ப்புறத்திற்கு இடம்பெயர்ந்தன. தோட்டத்துப் பெயரைத் தாங்கிக்கொண்டே அடுக்குமாடி வீடுகளின் நடுவே நிற்கும் தமிழ்ப்பள்ளிகளைக் கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்றும் காணலாம். பெயர் பழையதாயினும் அங்குப் பயிலும் குழந்தையின் வாழ்வு புதியது. லயத்து வீட்டுக்கு முன்னே இருந்த வெளி இப்போது இல்லை. மின்தூக்கிக்குக் காத்திருக்கும் நடைகூடமே அக்குழந்தையின் முற்றம். பெருந்தொற்றுக் காலத்தை விளங்கிக்கொள்ள இம்மாற்றத்தை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

முன்னைய கொள்ளைநோய்கள்

நோய் கண்டு நடுங்குதல் இம்மண்ணுக்குப் புதிதன்று. 1901-இல் கிள்ளானுக்கு அருகே சுவெட்டன்காம் துறைமுகம் திறக்கப்பட்டபோது மலேரியா அங்குப் பலரை வீழ்த்தியது. அவ்வாண்டு கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன், சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டிக் கொசுவின் இருப்பிடத்தை அழித்து நோயைத் தணித்தார். கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பை ரொனால்டு ராசு 1897-இல் செகந்திராபாத்தில் மெய்ப்பித்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆய்வுக்கூடத்தில் கண்ட உண்மை கிள்ளானின் சேற்றில் பயன்பட்டது.

1918-ஆம் ஆண்டின் இன்ஃபுளுவென்சா அதனினும் கொடியது. முதல் உலகப்போர் ஓயும் தறுவாயில் பரவிய அந்நோய் உலகெங்கும் கோடிக்கணக்கானோரைக் கொன்றது. இந்தியாவில் மட்டும் மாண்டவர் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர். மலாயாவில் அவ்வாண்டு அக்டோபரில் அது உச்சம் கண்டது. நெருக்கமான லயங்களில் வாழ்ந்த தோட்டத் தொழிலாளர்கள், குறிப்பாகத் தமிழர்கள், பெருந்தொகையாக மடிந்தனர்.

அக்காலத் தோட்டத்துக் குழந்தையின் கல்வி எத்தகையது? பத்துப் பிள்ளைகளோ அதற்கு மேலோ இருப்பின் தோட்ட நிருவாகம் பள்ளி வைத்தல் வேண்டும் என்ற விதி 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தில் இடம்பெற்றது. ஆயினும் ஒற்றை அறையும் ஓராசிரியருமாகவே பல பள்ளிகள் இயங்கின. கங்காணியும் கிராணியும் ஆசிரியராய் அமைந்த இடங்களும் உண்டு. அரசாங்க ஆவணங்கள் தொழிலாளியை எண்ணிக்கையாகக் கண்டன. இத்தனை பேர் வந்தனர், இத்தனை பேர் இறந்தனர் என்று அவை கூறும். தாயை இழந்த சிறுமி மறுநாள் பலகையின் முன் அமர்ந்தாளா, பால்வாளி தூக்கச் சென்றாளா என்று அவை கூறமாட்டா. தமிழாசிரியர் ஒருவர் அன்று நாட்குறிப்பு எழுதி வைத்திருந்தால் அது இன்று நமக்கு எத்துணைப் பெரிய செல்வமாக இருந்திருக்கும்!

ஒரு வார விடுமுறை

2020-ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு சனவரி 2-ஆம் நாள் சிலாங்கூர்ப் பள்ளிகள் வழக்கம்போல் திறந்தன. மார்ச்சு 13, வெள்ளிக்கிழமை. ஒரு வாரத் தவணை விடுமுறைக்காகப் பிள்ளைகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு சென்றனர். மேசையடியில் சிலர் வண்ணக்கோல்களையும் பயிற்றுநூல்களையும் விட்டுச் சென்றிருக்கலாம்; ஒரு வாரந்தானே! மார்ச்சு 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. அந்த ஒரு வாரம் நான்கு மாதமாயிற்று.

தேர்வு எழுதும் இடைநிலைப்பள்ளி மாணவர்க்கு சூன் 24-இல் பள்ளி திறந்தது. தொடக்கப்பள்ளியில் ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்கள் சூலை 15-இலும், ஏனையோர் சூலை 22-இலும் திரும்பினர். முகக்கவசமும் கைத்தூய்மியும் உடல்வெப்பச் சோதனையும் பள்ளி வாழ்வின் அங்கங்களாயின. சிற்றுண்டிச்சாலையில் கூடியிருந்து உண்டவர்கள் வகுப்பறையில் தனித்தனியே உண்டனர். அதுவும் நீடிக்கவில்லை. அக்டோபர் 14-இல் சிலாங்கூர், கோலாலம்பூர், புத்ராசெயா ஆகிய மூவிடங்களிலும் நிபந்தனையுடன் கூடிய கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பள்ளிகள் மீண்டும் மூடப்பட்டன. நவம்பர் 9 முதல் நாடெங்கும் மூடப்பட்டன. அவ்வாண்டு அவை மறுபடி திறக்கவே இல்லை.

கணக்கிட்டுப் பார்ப்போம். 2020-இல் முதலாம் ஆண்டில் சேர்ந்த சுங்கை வேக் குழந்தை ஒன்று பள்ளியில் அமர்ந்து கற்றது, தொடக்கத்தில் ஏறத்தாழ 10 வாரங்களும் இடையில் ஏறத்தாழ 12 வாரங்களுமே ஆகும். உயிரெழுத்தை நாவினால் ஒலித்து, விரலால் மணலில் வரைந்து, ஆசிரியரின் வாயசைவைக் கண்டு பழக வேண்டிய பருவம் அது. லகர, ளகர, ழகர வேறுபாட்டை முகக்கவசத்தின் பின்னிருந்து எவ்வாறு காட்டுவது? சிறிய திரையில் இடையிடையே அறுந்து வரும் ஒலியைக் கொண்டு எவ்வாறு திருத்துவது? தமிழாசிரியர் எதிர்கொண்ட இடர் இத்தகையது.

வீடே பள்ளியாயிற்று

இல்லிருப்புக் கற்றல் என்ற புதுச்சொல் நம் வழக்கில் நுழைந்தது. சொல் இனிது, செயல் அரிது. 2020-இல் கல்வி அமைச்சு மேற்கொண்ட கணக்கெடுப்பில் 36.9 விழுக்காட்டு மாணவரிடம் எவ்வகை மின்னியற் கருவியும் இல்லை என்பது புலனாயிற்று. கருவி உண்டு என்று எண்ணப்பட்ட வீடுகளிலும் பெரும்பாலும் இருந்தது ஒரு கைப்பேசியே. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் அது யாருக்கு? தந்தை பாதுகாவலர் பணிக்கோ பாரவுந்து ஓட்டவோ செல்லும்போது அதுவும் அவருடன் சென்றுவிடும். எனவே இரவு எட்டு மணிக்கு மேல் தொடங்கியது பல குழந்தைகளின் பள்ளி. காலையில் அனுப்பிய பாடத்துக்கு நள்ளிரவில் வந்த விடைகளைத் திருத்திய ஆசிரியர்கள் எத்தனையோ பேர்!

2021 பிப்ரவரி 17-இல் கல்வித் தொலைக்காட்சி அலைவரிசை ஒன்று தொடங்கப்பெற்றது. இணையம் எட்டாத வீட்டிற்கும் பாடம் எட்டுவதற்கு அது வழிசெய்தது. ஆயினும் தொலைக்காட்சி வினவாது. குழந்தையின் ஐயத்தைக் கேளாது. ஆகவே ஆசிரியர்கள் பயிற்சித்தாள்களை அச்சிட்டுக் கட்டுக்கட்டாகப் பள்ளிக் காவலரிடம் வைத்தனர். பெற்றோர் வந்து பெற்றுச் சென்றனர். வர இயலாதவர்களின் அடுக்குமாடி வாயிலுக்கே கொண்டு சென்ற ஆசிரியர்களும் உண்டு. முன்னாள் மாணவர்களும் பொது இயக்கங்களும் பழைய கணினிகளைச் செப்பனிட்டு வழங்கினர். தமிழ்ப்பள்ளியைச் சமுதாயம் தன் பிள்ளையாகவே கருதுகிறது என்பதற்கு இவை சான்றாகும்.

முடியாத ஆண்டு

தீபாவளி அவ்வாண்டு நவம்பர் 14-இல் வந்தது. பாட்டி வீட்டுக்குச் செல்ல மாவட்ட எல்லை குறுக்கே நின்றது. வழக்கமாக அந்நாள்களில் நிகழும் ஆண்டிறுதிச் சடங்குகள் எவையும் நிகழவில்லை. பாடநூல்களைப் பிள்ளைகள் அல்லர், பெற்றோரே குறித்த நேரத்தில் வந்து ஒப்படைத்தனர். ஆறாண்டு ஒன்றாகப் பயின்றோர் ஒருவரையொருவர் காணாமலே பிரிந்தனர். பிரியாவிடை உரை திரையில் ஒலித்தது. பலர் வீட்டில் அதுவும் ஒலிக்கவில்லை.

தேர்வும் இல்லாதொழிந்தது. 1988-இல் அறிமுகமாகித் தொடக்கப்பள்ளி வாழ்வின் எல்லைக்கல்லாய் நின்ற யு.பி.எஸ்.ஆர். தேர்வு, 2020-ஆம் ஆண்டுக்குக் கைவிடப்படுவதாக ஏப்ரல் 15-இல் அறிவிக்கப்பட்டது. 2021 ஏப்ரல் 28-இல் முற்றாக அகற்றப்பட்டது. இதனை நன்மை என்போர் உண்டு. எண்ணற்ற மாதிரித்தாள்களின் சுமையிலிருந்து குழந்தை விடுபட்டது உண்மையே. ஆயினும் ஏழைக் குழந்தை தன் ஆற்றலை ஊரறியக் காட்டிய மேடை அத்தேர்வு என்பதையும் மறத்தல் ஆகாது. புகுமுக வகுப்புக்குச் செல்ல வேண்டியவர் யாவர் என்பதையும் அதன் மலாய்மொழித் தேர்ச்சியே காட்டி வந்தது. அளவுகோல் ஒன்றை அகற்றும்போது அதன் இடத்தில் வகுப்பறை மதிப்பீடு வலுப்பெறல் வேண்டும். இன்றேல் பின்தங்கிய பிள்ளை கண்ணுக்குப் புலப்படாமலே போய்விடும்.

2021 தொடங்கியபோதும் துன்பம் தொடர்ந்தது. சனவரி 20-இல் பிறந்த பள்ளியாண்டு இல்லத்திலேயே பிறந்தது. முதலாம் ஆண்டுக் குழந்தைகள் மார்ச்சு முதல் நாளன்றுதான் பள்ளியைக் கண்டனர். மே மாதத்தில் மீண்டும் இழந்தனர். சூலைத் தொடக்கத்தில் சிலாங்கூரின் பெரும்பகுதி கடுமையாக்கப்பட்ட ஆணையின் கீழ் வந்தது. உணவின்றித் தவித்தோர் வீட்டு வாயிலில் வெள்ளைக்கொடி கட்டினர். அண்டை வீட்டார் இனம் பாராது அரிசியும் பருப்பும் கொணர்ந்தனர். பசித்த வீட்டில் பாடம் எங்ஙனம் நடைபெறும்? பல ஆசிரியர்கள் மாணவனின் வருகையைக் கேட்கும் முன் அவன் உண்டானா என்று கேட்கக் கற்றுக்கொண்டது அந்நாளில்தான்.

அக்டோபர் முதல் பள்ளிகள் கட்டங்கட்டமாக, சுழற்சி முறையில் திறந்தன. 2021-ஆம் பள்ளியாண்டு 2022-இன் தொடக்க மாதங்கள் வரை நீண்டது. அடுத்த ஆண்டு சிலாங்கூரில் மார்ச்சு 21-இல் பிறந்தது. விடுமுறையின் முறையும் மாறியது. மழையோடு வந்த நெடுவிடுமுறை வெயிலோடு வந்தது. நமக்கும் ஒரு கோடை விடுமுறை கிடைத்தது என்று சிலர் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டனர். நாள்காட்டி சிறிது சிறிதாகப் பின்னோக்கி நகர்த்தப்பட்டு, 2026-இல்தான் பள்ளியாண்டு மீண்டும் சனவரியில் தொடங்கியது. ஒரு கிழமை விடுமுறை எனத் தொடங்கியது நேர்பட ஆறாண்டுகள் ஆயின எனின், தொற்றின் நீளத்தை அளவிட வேறு சான்று வேண்டுமோ?

செய்யத்தக்கவை

நாள்காட்டி நேராயிற்று, குழந்தையின் இழப்பு நேராயிற்றா? 2020-இல் அரிச்சுவடி தொடங்கியவர்கள் 2026-இல் இடைநிலைப்பள்ளியில் இருக்கின்றனர். அவர்களுள் எழுத்துக்கூட்டித் தட்டுத்தடுமாறிப் படிப்போர் உண்டு. அவர்களை மந்தமானவர் என்று ஒதுக்குதல் அறமன்று. கற்பிக்கப்படாததைக் கல்லாமை குற்றமாகாது. இடைநிலைப்பள்ளித் தமிழாசிரியர்கள் இத்தலைமுறையின் வரலாற்றை அறிந்து, அடிப்படை எழுத்துப் பயிற்சியிலிருந்து தொடங்கவும் தயங்குதல் கூடாது. அவர்கள் இன்று தமிழ் வகுப்பை விட்டு நீங்கினால், நாளை தம் பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்புவார்களா என்பது நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா.

மற்றொன்று, எழுதி வைத்தல். 1816-இல் பினாங்கில் ஒரு தமிழ் வகுப்பாகத் தொடங்கிய நம் கல்வி வரலாற்றில், மேலிருந்தோர் எழுதிய அறிக்கைகள் உண்டு. வகுப்பறையின் குரல் குறைவு. 1918-இன் தோட்டத்துச் சிறுமியைப் பற்றி நாம் அறியாதது போல், 2020-இன் அடுக்குமாடிச் சிறுமியைப் பற்றி நூறாண்டுக்குப் பின் வருவோர் அறியாதிருத்தல் கூடாது. ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியும் அவ்வாண்டுகளின் பதிவேட்டை, படங்களை, ஆசிரியர் நினைவுகளை, மாணவர் கட்டுரைகளைத் தொகுத்துக் காத்தல் வேண்டும். புலனத்தில் அனுப்பிய குரல்பதிவுகள் கைப்பேசியோடு அழிந்துபோகும். தாளில் எழுதியது நிற்கும்.

2020-ஆம் ஆண்டின் இறுதி மணி ஒலிக்கவில்லை. அவ்வாண்டில் பயின்றோரை அழைத்து, நீங்கள் கண்டதை எழுதுங்கள் என்று ஒரு பாடவேளையை ஆசிரியர்கள் ஒதுக்குவாராயின், அக்கட்டுரைகளைத் திரட்டி முடிக்கும் நாளில் அந்த மணியை நாம் அடிக்கலாம்.