கொந்தகைக் குத்துவாளும் துருவும்



கீழடி அருங்காட்சியகம் போய்வந்த நம் பிள்ளைகள் சிலர் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "சார், பானையெல்லாம் நன்றாக இருக்கிறது. இரும்பு மட்டும் ஏன் மண்கட்டி மாதிரி இருக்கிறது? துருவைச் சுரண்டி எடுத்தால் என்ன?"

சுரண்டினால் பொருளே போய்விடும்.

கீழடிக்குப் பக்கத்தில் உள்ள கொந்தகை அந்தக் கால இடுகாடு. 2021இல் அங்கே ஒரு முதுமக்கள் தாழிக்குள் சுமார் 40 செ.மீ. நீளக் குத்துவாள் கிடைத்தது. உடைந்து துருவேறியிருந்தாலும் மரக் கைப்பிடியின் மிச்சம் அதில் இருந்தது. வெறும் மரம் மண்ணுக்குள் இத்தனை காலம் தாங்காது. இரும்பை ஒட்டிய மரம் தப்புவது பெரும்பாலும் துருவால்தான். துரு அதற்குள் ஊறி, மரத்தின் வரிகளை அச்சாகப் பிடித்துக்கொள்ளும். வாளின் பழைய விளிம்பும் அப்படித்தான். உள்ளே உலோகம் ஒரு பொட்டுக்கூட மிஞ்சாத பொருளிலும், துருவின் அடுக்குகளுக்கு நடுவே அதன் உருவம் இருக்கும். எக்ஸ்ரே எடுத்துத்தான் அதைத் தேடுவார்கள்.

இன்னொரு சங்கதி. புதைந்து கிடக்கும்போது காற்று குறைவு, அரிப்பும் மெதுவாகத்தான் நடக்கும். ஆபத்து வெளியே எடுத்த பிறகு. நிலத்தடி நீரின் உப்பில் உள்ள குளோரைடு, துருவுக்கு அடியில் இரும்பை ஒட்டிச் சேர்ந்திருக்கும். காற்றும் ஈரமும் பட்டதும் அது அமிலமாகி, புதுத் துரு கிளம்பும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்குமே, அதனால் மேல் அடுக்குகள் வெடித்து உதிரும். சில பொருள்களில் ஆரஞ்சு நிறத்தில் முத்து முத்தாய் நீர் கோக்கும். 'இரும்பு அழுகிறது' என்பார்கள். இதைத் தடுக்க காஸ்டிக் சோடாக் கரைசலில் வாரக்கணக்கில், சிலவற்றை மாதக்கணக்கில் ஊறப்போட்டு உப்பை இறக்குகிறார்கள். பிறகு நன்றாக உலர்த்தி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு மூடி வைக்க வேண்டும்.

சுற்றியுள்ள மண்ணும் முக்கியம். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் இரும்புக்கு கி.மு. 3345 என்று 2025 ஜனவரியில் அறிவித்தார்களே, அந்தத் தேதி தாழியில் இரும்போடு இருந்த கரித்துண்டைச் சோதித்து வந்தது.

ஆகவே வயலிலோ வானம் தோண்டும்போதோ இப்படி ஏதும் தென்பட்டால் எடுக்காமல் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். ஏற்கெனவே வெளியே வந்துவிட்டதென்றால் மண்ணோடு அப்படியே வையுங்கள். கழுவ வேண்டாம். புளி, எலுமிச்சை, உப்புத்தாள் பக்கமே போக வேண்டாம்.