தண்ணீரில் மிதக்கும் பாதை

"பாதை வந்திட்டா?" கிழக்கிலங்கையின் கிண்ணியாத் துறையடியில் ஒரு காலத்தில் இது அன்றாடக் கேள்வி. மதுரைக்காரர் ஒருவர் காதில் விழுந்திருந்தால் திகைத்திருப்பார். பாதை எப்படி வரும்? நாம்தானே அதில் போக வேண்டும்?

இலங்கைத் தமிழில் பாதை என்றால் வழி மட்டுமல்ல. மிதவைகளின் மேல் தட்டையாகத் தளம் அமைத்து, ஆட்களையும் வண்டிகளையும் அக்கரை சேர்க்கும் ஓடத்துக்கும் அதுவே பெயர். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் ஓடுவது பாதை. மட்டக்களப்பில் குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையில் ஓடியதும் பாதை. கிண்ணியாவிலிருந்து மூதூர் வழியாகத் தெற்கே போகும் சாலையிலும் உப்பாறு, கங்கை, இறால்குழி எனத் துறைக்குத் துறை பாதை இருந்தது. மகாவலி ஆற்றின் கிளைகள் கொட்டியாரக் குடாவில் கலக்கும் அந்த நிலத்தில் சாலை அடிக்கடி தண்ணீருக்குள் இறங்கிவிடும். சாலை நின்ற இடத்திலிருந்து ஆளைத் தூக்கிக்கொண்டு போனதற்குச் சாலையின் பெயரே ஒட்டிக்கொண்டது என்றுதான் தோன்றுகிறது.

கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணிக்கு இந்தச் சொல் வலி நிறைந்தது. பாலத்தைப் புதிதாகக் கட்டும் வேலை நடந்ததால் மக்கள் பாதையில் நீரைக் கடந்துகொண்டிருந்தார்கள். 2021 நவம்பர் 23 காலை அது கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் உட்பட ஆறு பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். 'பாதை கவிழ்ந்தது' என்பதைத் தமிழகத்தில் ஒருவர் படித்தால் ஒருகணம் பொருள் பிடிபடாது. அந்த ஊரில் அதை விளக்கிச் சொல்ல வேண்டிய தேவை யாருக்கும் இல்லை.

ஒரே மொழி கடல் கடந்தால் இப்படி ஆவது உலக வழக்கம். ஸ்பானிய மொழியில் 'குவாகுவா' என்று கியூபாவிலும் கனரித் தீவுகளிலும் சொன்னால் பேருந்து. சிலியில் சொன்னால் கைக்குழந்தை. சிலியின் சொல் மலைநாட்டுப் பழங்குடி மொழியான கெச்சுவாவிலிருந்து வந்தது. ஆகவே குவாகுவாவைத் தவறவிட்டேன் என்று ஹவானாக்காரர் சலித்துக்கொண்டால் சாந்தியாகோக்காரர் பதறிப்போவார்.

கிண்ணியா முஸ்லிம் வீடுகளில் உம்மா என்றால் தாய். சென்னையில் குழந்தையிடம் உம்மா கேட்டால் முத்தம் கிடைக்கும். கிழக்கிலங்கை முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்று மரியாதையாக அழைப்பார்கள். அதே சொல் தமிழகத்தின் பெரும்பகுதியில் கூரையில் கரையும் பறவை. ஆனால் காயல்பட்டினத்துக்காரருக்கு இதில் வியப்பே இருக்காது, அவர் வீட்டிலும் அண்ணன் காக்காதான். கடலின் இரு கரைகளுக்கும் இடையே நடந்த பழைய வணிகமும் திருமண உறவும் அந்த ஒரு சொல்லில் இன்னும் கேட்கின்றன. அகராதியில் வட்டார வழக்கு என்று ஒற்றை வரியில் ஒதுக்கிவிட வேண்டிய சொல் அல்ல அது.

வந்தவர்கள் விட்டுப்போனவையும் உண்டு. போர்த்துக்கீசர் 1622இல் திருகோணமலையின் திருக்கோணேச்சரக் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினார்கள். அவர்கள் மொழியிலிருந்து இலங்கைத் தமிழுக்கு ரொட்டி 'பாண்' ஆக வந்தது. உட்காரும் விசுப்பலகை 'வாங்கு' ஆனது. திருச்சிக்காரர் காதில் வாங்கு என்பது கடைக்குப் போகச் சொல்லும் கட்டளை. பின்னால் வந்த ஒல்லாந்தரிடமிருந்து அலுவலகத்துக்குக் 'கந்தோர்' கிடைத்தது.

நீர்நிலைகளின் பெயர்களும் இடம் மாறியிருக்கின்றன. காஞ்சிபுரத்துக்காரர் ஏரி என்பதைத் திருகோணமலைக்காரர் குளம் என்பார். கடல்போல் விரிந்த கந்தளாயும் குளம்தான். கேணி தமிழகத்துச் சிற்றூர்கள் பலவற்றில் வீட்டுக் கிணறு, சென்னைத் திருவல்லிக்கேணியில் கோயில் குளம். குறிஞ்சாக்கேணியின் பெயரிலும் அந்தக் கேணி இருக்கிறது.

2009 அக்டோபரில் கிண்ணியாவில் 396 மீட்டர் நீளப் பாலம் திறக்கப்பட்டது. பாதை ஓடிய வேறு துறைகளிலும் பாலங்கள் வந்தன: சங்குப்பிட்டியில் 2011இல், மண்முனையில் 2014இல். அந்தத் துறைகளில் இப்போது யாரும் பாதைக்குக் காத்து நிற்பதில்லை. கிண்ணியா நகரத்துப் பாதை ஓய்ந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தும் குறிஞ்சாக்கேணிப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகப் பாதையில்தான் ஏற வேண்டியிருந்தது.