லடாக்: பயணத்துக்கு ஏற்ற பருவம்

இமயமலையின் மழைமறைவுப் பக்கத்தில் அமைந்த உயர்மலைப் பாலைநிலம் லடாக். ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையையும் பனியையும் சேர்த்தாலும் சுமார் 100 மி.மீ.தான் தேறும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரையே இங்கு செல்ல ஏற்ற காலம் என்று பலரும் சொல்வார்கள். வெயிலை மட்டும் பார்த்தால் அது சரி. ஆனால் இந்த நிலத்தில் பயணத்தை நடத்துவதும் முடக்குவதும் உருகுநீரும் சாலையும்தான். அந்தக் கணக்கில் செப்டம்பர்தான் முந்தி நிற்கிறது.

கோடை உச்சத்தில் பனியாறுகள் வேகமாக உருகுகின்றன. காலையில் கணுக்காலை நனைக்கும் ஓடை, பிற்பகலில் கலங்கிப் பெருகி, கற்களை உருட்டிக்கொண்டு சாலையின் குறுக்கே பாயும். லடாக்கில் மழை குறைவு என்றாலும், மணாலியிலிருந்தும் ஸ்ரீநகரிலிருந்தும் வரும் சாலைகள் மழை பெறும் மலைகளைக் கடந்தே வருகின்றன. ஜூலை, ஆகஸ்டில் அங்கு நிலச்சரிவு புதிதல்ல. லடாக்கிலேயேகூட, குறைந்த மழை என்பது பாதுகாப்பான மழை என்றாகாது. மொட்டைச் சரிவுகளில் நீரைத் தடுக்கச் செடிகொடி இல்லை. 2010 ஆகஸ்டில் லே பகுதியில் கொட்டிய பெருமழை சேற்று வெள்ளமாகி இருநூறுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. செப்டம்பரில் இரவுக் குளிர் கூடுவதால் உருகல் தணிகிறது, பருவமழையும் விலகத் தொடங்குகிறது. கணவாய்கள் பெரும்பாலும் திறந்தே இருக்கும். உயரமான ஊர்களில் அப்போதுதான் வாற்கோதுமை அறுவடை. சாங்தாங் ஈரநிலங்களில் கருங்கழுத்துக் கொக்குகளையும் காணலாம்.

ஹெமிஸ் மடத்தின் முகமூடி நடனத் திருவிழா பெரும்பாலும் ஜூன், ஜூலையில் வருகிறதே என்று கேட்கலாம். அதற்காகவே செல்பவர் அப்போதுதான் செல்ல வேண்டும். பனிச்சிறுத்தையைத் தேடுவோருக்கும் உறைந்த சன்ஸ்கார் ஆற்றின் மேல் நடக்க விரும்புவோருக்கும் கடுங்குளிர்காலமே பருவம். செப்டம்பர் இரவில் பாங்கோங் ஏரிக்கரையில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போகும் என்ற ஆட்சேபமும் நியாயமானதே. ஆனால் குளிருக்குக் கம்பளி உண்டு. அடித்துச் செல்லப்பட்ட பாலத்துக்கு மாற்று இல்லை. உயரநோய்க்கு மட்டும் நல்ல மாதம் என்று எதுவும் கிடையாது. லேயில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கு அளவே. விமானத்தில் நேராக வந்து இறங்குபவர் எந்தப் பருவத்திலும் முதல் இரண்டு நாளை ஓய்வுக்கு ஒதுக்கிய பிறகே கணவாய் ஏற வேண்டும்.