மட்கார்டுக்குச் சிறகு என்று பெயர்

காரின் சக்கரத்துக்கு மேலே வளைந்து நிற்கும் தகட்டை நாம் மட்கார்டு என்கிறோம். மெக்கானிக் கடைக்குப் போனால் அது ‘மக்காடு’ ஆகிவிடும். அமெரிக்கர்கள் ஃபெண்டர் என்பார்கள். இங்கிலாந்தில் விங். பிரெஞ்சில் ‘ஏல்’. ஏல் என்றால் சிறகு. பள்ளியில் இந்தச் சொல்லை எனக்குப் புறாவின் படத்தைக் காட்டித்தான் சொல்லித் தந்தார்கள். காருக்கும் சிறகு உண்டு என்பது பிரெஞ்சு மோட்டார் பத்திரிகைகள் படிக்கத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது. பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வரும் சொல்தா வீட்டுக்காரர்கள் படித்துவிட்டுப் போட்டுவிட்டுப் போகும் பத்திரிகைகள் அவை. பஜ்ஜி மடிக்கப் போவதற்கு முன் நான் வாங்கி வந்துவிடுவேன்.

அவற்றில் அடிக்கடி வரும் ஒரு சொல் ‘எலார்ழிஸர் தேல்’. சிறகை அகலமாக்குவது என்று பொருள். அலர்ஜி என்று காதில் விழுகிறது; கண்ணாடித் தூசு கையில் பட்டால் அதுவும் வரும், அதைப் பிறகு சொல்கிறேன். இப்போதைய பையன்கள் இதை ‘ஃபெண்டர் ஃப்ளேர்’ என்கிறார்கள். மட்கார்டின் விளிம்பில் புருவம் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பட்டை. பார்ப்பவர்கள் இதை அலங்காரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் இது விதிப் புத்தகத்தின் பிள்ளை. வாழ்நாளெல்லாம் அரசாங்கக் கோப்புகளோடு கிடந்தவனுக்கு இதில் ஒரு தனி சந்தோஷம்.

விஷயம் இதுதான். டயர் அகலமாக இருந்தால் சாலையை நன்றாகப் பிடிக்கும், வளைவில் வண்டி வழுக்காது. 1960களில் பந்தய டயர்கள் வருடா வருடம் அகலமாகிக்கொண்டே போயின. அகல டயரைப் போட்டால் அது பாடியைத் தாண்டி வெளியே நிற்கும். வெளியே நிற்கும் டயர், கல்லையும் சேற்றையும் பின்னால் வருபவன் முகத்தில் வீசும். அதனால் ராலி கார்களுக்கான விதியில், சக்கரத்தின் மேல்பகுதியைப் பாடி மூடியிருக்க வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். மூட வேண்டுமென்றால் மட்கார்டை அகலமாக்க வேண்டும். மட்கார்டோ இரும்புத் தகட்டை ராட்சத பிரஸ்ஸில் வைத்து அடிப்பது. அதற்கான டைக்கு ஆகும் செலவை லட்சக்கணக்கான வண்டி விற்றால்தான் எடுக்க முடியும். சில நூறு பந்தயக் கார்களுக்காக யார் புது டை போடுவார்கள்? அந்த இடத்தில்தான் கண்ணாடி நூல் வந்து கைகொடுத்தது.

கண்ணாடி நூல் பிறந்தது தற்செயலாக. 1932இல் அமெரிக்காவில், ஓவன்ஸ் இல்லினாய்ஸ் என்ற பாட்டில் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் டேல் கிளைஸ்ட் என்ற இளைஞர் இரண்டு கண்ணாடிக் கட்டிகளை ஒட்ட முயன்றுகொண்டிருந்தார். அழுத்தக் காற்று உருகிய கண்ணாடியில் பட்டு, அது மெல்லிய இழைகளாகப் பறந்தது. வேறொருவராக இருந்தால் கூட்டித் தள்ளியிருப்பார். அவருடைய மேலதிகாரி கேம்ஸ் ஸ்லேட்டர் அதைத் தொழிலாக்கினார். 1938இல் ஓவன்ஸ் கார்னிங் என்ற தனிக் கம்பெனியே வந்துவிட்டது. அதே பத்தாண்டில் கார்ல்டன் எல்லிஸ் என்ற ரசாயனக்காரர் பாலியெஸ்டர் ரெசினுக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். நூல் மட்டும் இருந்தால் பஞ்சு. ரெசின் மட்டும் இருந்தால் உடைந்துபோகும் கட்டி. இரண்டும் சேர்ந்தால் இரும்புக்குப் பதில் வைக்கலாம். போர்க்காலத்தில் விமானங்களில் ரேடார் கருவிக்கு மூடி செய்ய இதைப் பயன்படுத்தினார்கள், ரேடியோ அலை இதை ஊடுருவிப் போகும் என்பதால்.

போர் முடிந்ததும் இந்த வித்தையைக் கையில் எடுத்தவர்கள் படகு கட்டுபவர்கள். கலிஃபோர்னியாவில் பில் டிரிட் என்பவர் கண்ணாடி நூல் படகு செய்துகொண்டிருந்தார். நண்பர் ஒருவருக்கு ஜீப் சேசிஸ் மேல் இதே முறையில் ஒரு கார் பாடி செய்து கொடுத்தார். பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். பிறகு பெரிய கம்பெனியே இறங்கி வந்தது. 1953 ஜூன் 30 அன்று மிச்சிகனில் ஃபிளின்ட் நகரத்தில் முதல் செவர்லே கார்வெட் வெளியே வந்தது. அந்த வருடம் செய்தது மொத்தம் 300 வண்டி, எல்லாம் வெள்ளை நிறம், பெரும்பாலும் கைவேலை. ஜெனரல் மோட்டார்ஸ் போன்ற யானையே கையால் பூச வேண்டியிருந்தது என்பது எனக்கு இன்றும் வேடிக்கையாக இருக்கிறது.

பிரான்சில் இந்தக் கதையின் நாயகன் ழான் ரெதெலே. நார்மண்டிக் கடற்கரையில் தியெப் என்ற மீன்பிடித் துறைமுகத்தில் 1922இல் பிறந்தவர். சின்ன வயதிலேயே அங்கே ரெனோ கார் ஏஜெண்ட். வாரநாளில் 4சிவி விற்பார், ஓய்வுநாளில் அதே 4சிவியைப் பந்தயத்தில் ஓட்டுவார். பாரிஸ் பக்கத்தில் பட்டறை வைத்திருந்த ஷாப் சகோதரர்கள் பாலியெஸ்டரில் செய்த பாடியை 4சிவியின் எஞ்சின், சேசிஸ் மேல் உட்கார வைத்து 1955இல் ‘அல்பீன்’ என்று பெயரிட்டார். நீலம், வெள்ளை, சிவப்பு என்று மூன்று வண்டிகளை ரெனோ தலைமையகத்து முற்றத்தில் நிறுத்தி முதலாளிகளுக்குக் காட்டினாராம். அதற்கு முந்தைய வருடம் நவம்பர் 1இல்தான் அந்த மூன்று நிறக் கொடி நம் ஊரில் இறங்கியது. எனக்கு அப்போது விவரம் தெரியாத வயது.

ரெதெலேயிடம் பிரஸ் இல்லை, டை இல்லை, ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் இல்லை. மரத்தாலும் ஜிப்சத்தாலும் ஒரு மாதிரி, அதிலிருந்து ஓர் அச்சு, அச்சுக்குள் நூல் விரித்து ரெசின் பூசும் கைகள். அவ்வளவுதான் தேவை. 1962இல் வந்த ஏ110 கார் இந்த வழியில் பிறந்ததுதான். டயர் அகலமானபோது அச்சில் கொஞ்சம் கை வைத்தால் போதும், சிறகும் அகலமாகிவிடும். இரும்பில் அடிப்பவனுக்கு இந்தச் சௌகரியம் கிடையாது. 1973இல் கார் கம்பெனிகளுக்கான உலக ராலி கோப்பையை முதன்முதலாக வைத்தபோது, இந்தச் சின்ன ஊர்ப் பட்டறை பெரிய பெரிய பெயர்களைத் தள்ளிவிட்டு ஜெயித்தது. அதே வருடம் ரெனோ அதைத் தனதாக்கிக்கொண்டது வேறு விஷயம்.

என்னைக் கேட்டால், சிறகு அகலமாக்கும் கலையின் உச்சம் 1980இல் அதே தியெப்பிலிருந்து வந்த ரெனோ 5 டர்போ. ரெனோ 5 என்பது பிரான்சில் பள்ளி ஆசிரியை காய்கறி வாங்கப் போகும் கார். அதன் பின்சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டு அந்த இடத்தில் 160 குதிரைச் சக்தி எஞ்சினை வைத்தார்கள். பின்சக்கரம் அகலமானது. 1.52 மீட்டர் அகலமாக இருந்த வண்டி 1.75 மீட்டர் ஆனது. பாலியெஸ்டர் சிறகுகள் பின்னால் இடுப்பு மாதிரி புடைத்து நிற்கும். அந்தப் புடைப்பின் முன்வாயில் எஞ்சினுக்குக் காற்று போக வழி. விதிப்படி 400 வண்டி செய்து காட்டினால்தான் பந்தயத்தில் விடுவார்கள். செய்தார்கள். 1981இல் ழான் ரக்னோத்தி அதை ஓட்டி மோன்த்தே கார்லோ ராலியை ஜெயித்தார். அந்தப் புகைப்படம் வந்த பத்திரிகைப் பக்கம் பல காலம் என் அலுவலக மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது.

நம் நாட்டிலும் கண்ணாடி நூல் கார் வந்தது. பெங்களூரில் 1970களில் பாதல் என்ற மூன்று சக்கர வண்டி, பிறகு அதே ஆட்கள் சிபானி என்ற பெயரில் 1982இல் கொண்டுவந்த டால்ஃபின். இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டனின் நகல், 848 சிசி எஞ்சின். துருப்பிடிக்காது, எடை குறைவு. ஆனால் நம் ஜனங்கள் ‘கண்ணாடிக் கார், இடித்தால் நொறுங்கிவிடும்’ என்று ஒதுங்கிப்போனார்கள். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்ததும் டால்ஃபினின் கதை முடிந்த மாதிரிதான்.

நம் கடற்கரையில் மட்டும் இந்த வித்தை நன்றாக வேர் பிடித்தது. 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரம் போன இடமெல்லாம் ‘பைபர்’ படகு வந்தது. வீராம்பட்டினத்தில் இன்று ஓட்டை விழுந்த பைபரை அரை நாளில் ஒட்டித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் நடந்ததுதான் இங்கும்: கார் படகுக்காரனிடம்தான் கற்றுக்கொள்கிறது. எங்கள் தெருவில் பாலிடெக்னிக் கடைசி வருடம் படிக்கும் பையன் ஒருவன் அப்படி ஒரு படகு மேஸ்திரியிடம் ஆறு ஞாயிற்றுக்கிழமை கூலியில்லாமல் வேலை செய்து பழகிவிட்டு, தன் அப்பாவின் பழைய வண்டிக்கு ஃப்ளேர் செய்கிறான். வண்டி மாருதி 800. டால்ஃபினை விரட்டிய அதே இரும்புக் காருக்குக் கண்ணாடிச் சிறகு!

அவன் செய்வதைப் பல காலை நாற்காலி போட்டுப் பார்த்திருக்கிறேன். முதலில் பெயிண்ட் கெடாமல் மட்கார்டு முழுக்க டேப் ஒட்டினான். அதன்மேல் ஃபோம் துண்டுகளை ஒட்டி, அரத்தால் ராவி வளைவு கொண்டுவந்தான். பிறகு பட்டி போட்டு, தண்ணீர் காகிதத்தால் தேய்த்து, மறுபடி பட்டி, மறுபடி தேய்ப்பு. இது மட்டுமே மூன்று வாரம். இடது பக்கத்தின் வளைவை அட்டையில் வெட்டி வைத்துக்கொண்டு வலது பக்கத்துக்குத் திருப்பிப் போட்டுச் சரிபார்த்தான். அந்த மாதிரியின் மேல் ஆறு கோட் மெழுகு. மெழுகு விட்டுப்போன இடத்தில் ஒட்டிக்கொண்டால் பிறகு உளிதான். அதன்மேல் ஜெல் கோட், கண்ணாடி மேட், ரெசின் என்று பூசி அச்சு எடுத்தான். அந்த அச்சுக்குள் மறுபடி மெழுகு, ஜெல் கோட், 450 கிராம் மேட் இரண்டு அடுக்கு. மேட்டின் எடையைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் ரெசின் குடிக்கிறது. பிரஷ்ஷால் இழுக்கக் கூடாது, குத்திக் குத்தி விட வேண்டும். ரோலர் ஓட்டிக் காற்றுக் குமிழை வெளியேற்ற வேண்டும். ஒரு குமிழ் தங்கினாலும் அந்த இடம் பின்னால் பொட்டென்று உடையும்.

நார்மண்டிக் குளிருக்கும் நம் சித்திரை வெயிலுக்கும் ரெசின் ஒரே மாதிரி நடக்காது. ஹார்டனர் கலந்த சில நிமிடத்தில் பதம் தப்பிய கமர்கட் பாகு மாதிரி கல்லாகிவிடும். அதனால் பையன் விடியற்காலை ஐந்தரைக்கே ஆரம்பித்துவிடுவான். கோபால்ட்டை முதலில் ரெசினில் கலக்கிவிட்டுத்தான் ஹார்டனரை ஊற்ற வேண்டும். அவை இரண்டும் நேரடியாகச் சேர்ந்தால் தீப்பற்றும், வெடிக்கும். ஹார்டனர் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். இதை அவன் எனக்குச் சொன்னபோது நான் அவனுக்கு இன்னொன்று சொன்னேன். ரெசின் வாசனை என்று நாம் சொல்வது ஸ்டைரீன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2018இல் அதைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று கருத இடமுள்ள பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. கடற்கரைக் கொட்டகையில் அவனுக்குக் கற்றுக் கொடுத்த மேஸ்திரிக்குக் கைலியும் பனியனும்தான் கவசம். முப்பது வருடத் தூசும் வாசனையும் அந்த நெஞ்சுக்குள் போயிருக்கிறது. பையன் இப்போது சரியான முகமூடி போடுகிறான். அவருக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தான். அவர் அதை ஆணியில் மாட்டி வைத்திருக்கிறாராம்.

வேலை முடிந்து நான்கு ஃப்ளேரும் திண்ணையில் வரிசையாக இருந்தன. ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன், அப்பளக்கட்டு எடைதான். ரிவெட் அடிக்கக் கிளம்பியவனை நான்தான் நிறுத்தினேன். பணிக்காலத்தில் நான்கு வருடம் போக்குவரத்துத் துறையில் இருந்தவன் நான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரித்த கம்பெனி குறித்துக் கொடுத்த விவரத்திலிருந்து ஆர்.சி. புத்தக விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து போன வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொல்லிவிட்டது. அதே வருடத் திருத்தத்தில் 182ஏ பிரிவு வந்தது: அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வண்டி அப்பா பெயரில் இருக்கிறது, மாட்டுவது அப்பாதான். பையன் முகம் சுண்டிப்போயிற்று.

எனக்குச் சட்டத்தின் மேல் கோபமில்லை. பஸ்ஸை நீளமாக்கி, லாரியை உயரமாக்கி ஆளைக் கொன்ற கதைகள் கோப்பில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஆனால் பிரான்சில் தனி ஆள் ஒருவர் தன் ஒற்றை வண்டியில் செய்த மாற்றத்தைக் காட்டி, பரிசோதித்து ஒப்புதல் வாங்க ‘ரெசெப்சியோன் ஆ தீத்ர் இசோலே’ என்று ஒரு வழி இருக்கிறது. காகிதம் மலையளவு கேட்பார்கள், பல பேர் பாதியில் ஓடிவிடுவார்கள். இருந்தாலும் கதவு என்று ஒன்று இருக்கிறது, தட்டலாம். ரெதெலே மாதிரி ஒரு கை இங்கே இருந்தால் அதற்குத் தட்ட ஒரு கதவு வேண்டாமா?

இப்போதைக்கு ஃப்ளேர்கள் காரில் ஏறவில்லை. பையன் அவற்றைக் கல்லூரி புராஜெக்டாக வைக்கப்போகிறான். அச்சு பத்திரமாக இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தில் ஓடும் கார்களுக்குச் செய்து கொடுக்கலாமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறான், அந்த வண்டிகள் லாரியில் ஏறிப் போய் லாரியில் திரும்புகிறவை. அப்பாவின் வண்டிக்கு அனுமதி கேட்டு ஒரு மனுவை நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்: பக்கத்துக்கு 4 செ.மீ. கூடுதல் அகலம், பழைய டயர் அப்படியே, கழற்றக்கூடிய பொருத்தம், இணைப்பாக வரைபடம் இரண்டு தாள். போன திங்கட்கிழமை தபால் பிரிவில் கொடுத்து முத்திரை வாங்கி வந்தான்.