காதுக்குள் துடிக்கும் சத்தம்: கேட்ட நோயைக் கண்ணால் காண எடுத்த காலம்

எங்கள் ஊரில் ஒரு தாய் இரண்டு வருடமாக ஒரே கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். "புள்ள, வலது காதுக்குள்ள நெஞ்சு அடிக்கிற மாதிரி சத்தம் கேக்குது. ராவையில படுக்க ஏலாம கிடக்கு." காதுக் குறும்பி என்றார்கள், பிரஷர் என்றார்கள், தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள். ஒருமுறை எம்.ஆர்.ஐ.யும் எடுத்து ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். உண்மையைச் சொன்னால், நாங்களும் அதை மனப்பிரமை என்றே நினைத்தோம். கடைசியில் ஒரு வைத்தியர் காதுக்குப் பின்னால் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். அவருக்கும் அந்தச் சத்தம் கேட்டது!

மூளையைப் போர்த்தியிருக்கும் தடித்த மென்சவ்வில் ஒரு நாடி நேராக நாளத்தோடு இணைந்திருந்தது. இதன் வரலாற்றைத் தேடி வாசித்தோம். வாசித்ததைப் பகிர்கிறோம்.

நாடியில் வரும் குருதி மயிர்த்துளைக் குழாய்களின் வலையைக் கடந்து, வேகம் தணிந்துதான் நாளத்துக்குப் போக வேண்டும். இதை ஒன்பதாம் தரப் பிள்ளையும் சொல்லும். ஆனால் அந்த இடைவழி ஒன்று இருக்கிறது என்று மனிதன் உணரவே நீண்ட காலம் பிடித்தது. நுரையீரலில் குருதி நாடியிலிருந்து நாளத்துக்கு நுண்ணிய வழிகளால் செல்கிறது என்று இப்னு அந்-நபீஸ் 1242இல் எழுதினார். அவரிடம் நுணுக்குக்காட்டி இல்லை, தர்க்கம் மட்டுமே இருந்தது. மல்பீஜி அந்தக் குழாய்களைக் கண்ணால் கண்டது 1661இல்.

அந்த வலை இல்லாமல் நாடியும் நாளமும் நேராக இணைந்தால் என்ன நடக்கும் என்பதை 18ஆம் நூற்றாண்டில் லண்டனில் வில்லியம் ஹன்டர் விளக்கினார். அந்தக் காலத்தில் எதற்கெடுத்தாலும் முழங்கை மடிப்பில் குத்தி இரத்தம் எடுப்பார்கள். கத்தி நாளத்தைத் துளைத்துக் கீழே உள்ள நாடியிலும் பட்டுவிட்டால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். நாளம் வீங்கித் துடிக்கும், உஸ் என்று சத்தம் போடும். கையில் என்றால் தொட்டுப் பார்க்கலாம். மண்டை ஓட்டுக்குள் என்றால்?

1809இல் பெஞ்சமின் டிராவர்ஸ் என்ற லண்டன் சத்திரசிகிச்சை நிபுணரிடம் ஒரு பெண் வந்தார். கர்ப்பிணியாக இருந்தபோது நெற்றிப் பக்கம் திடீரென 'படக்' என்று உணர்ந்தவர். அதன் பின் தலைக்குள் ஓயாத இரைச்சல், ஒரு கண் வெளித்தள்ளித் துடித்தது. கழுத்து நாடியை அழுத்தினால் துடிப்பு அடங்கியது. மயக்க மருந்து வர இன்னும் பல பத்தாண்டுகள் இருந்த காலம் அது. டிராவர்ஸ் அந்த நாடியையே கட்டிவிட்டார். பெண் தேறினார். ஆனால் கோளாறு கண் குழியிலேயே இருக்கிறது என்று டிராவர்ஸ் நம்பினார். உண்மையில் இப்படியான நோயில் கோளாறு பெரும்பாலும் கண்ணுக்குப் பின்னால், மண்டை ஓட்டுக்குள் இருக்கும்.

பார்க்கும் வழி 1927இல் லிஸ்பனில் கிடைத்தது. எகாஸ் மொனிஸ் கழுத்து நாடியில் மருந்து செலுத்தி எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்தார். ஆரம்ப முயற்சிகளில் ஒரு நோயாளி இறந்தும் போனார். (அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது இதற்கல்ல, மூளை நரம்பை வெட்டும் சிகிச்சைக்கு. அது பின்னாளில் பெரும் கண்டனத்துக்கு உள்ளானது.) இன்று அதே பரிசோதனையைத் தொடை அல்லது மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாய் செலுத்திச் செய்கிறார்கள். என்றாலும் உடம்புக்குள் நுழைய வேண்டும், சிறு அபாயமும் உண்டு.

நுழையாமல் பார்க்க வைத்தது காந்தம். 1973இல் போல் லாட்டர்பர், தண்ணீர் நிரப்பிய இரண்டு சிறு குழாய்களைப் படமாக்கிக் காட்டினார். அந்தக் கட்டுரையைச் சஞ்சிகை முதலில் திருப்பி அனுப்பியதாம்! 2003இல் அவருக்கும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் நோபல் கிடைத்தது.

நமது உடம்பு நீரிலுள்ள ஐதரசன் கருக்களின் சைகையைத்தான் எம்.ஆர்.ஐ. படமாக்குகிறது. வேகமாக ஓடும் குருதி, சைகை தருவதற்குள் அந்த வெட்டுமுகத்தைக் கடந்துவிடும். அதனால் சாதாரணப் படத்தில் அந்த இடம் கறுப்பாகத் தெரியும். இருக்கக் கூடாத இடத்தில் கறுத்த புழுக்கள் போல வளைந்த குழாய்கள் தெரிந்தால் சந்தேகம் எழும். குருதிக் கலன்களுக்கென்று எடுக்கும் இன்னொரு வகைப் படத்தில் நேர்மாறு: புதிதாக உள்ளே வரும் குருதி பிரகாசிக்கும். நாளம் நாடியைப் போல ஒளிர்ந்தால் ஏதோ பிழை.

எங்களை மிகவும் கவர்ந்தது மூன்றாவது வழி. ஒட்சிசன் இழந்த குருதி காந்தத்தால் சற்று ஈர்க்கப்படும், ஒட்சிசன் உள்ளது அப்படியல்ல. லைனஸ் போலிங்கும் சார்ள்ஸ் கொரியெலும் 1936இலேயே காட்டியது இது. ஆகவே காந்த வேறுபாட்டை உணரும் படத்தில் வழமையான நாளம் கறுப்பாக இருக்கும். நாடிக் குருதி நேராகப் பாயும் நாளமோ கறுக்காது.

ஆனால் சிறிய இணைப்பு சாதாரண எம்.ஆர்.ஐ.யில் தப்பிவிடலாம். அந்தத் தாய்க்கு நடந்ததும் அதுவே. முதல் முறை படிவத்தில் 'தலைவலி' என்று மட்டும் எழுதியிருந்தார்கள். இரண்டாம் முறை 'நாடித்துடிப்போடு சேர்ந்த சத்தம்' என்று எழுதி, குருதிக் கலன்களையும் சேர்த்துப் படம் எடுத்தார்கள். அதில் தெரிந்தது. உறுதிசெய்ய மொனிஸ் வழிவந்த பரிசோதனையும் தேவைப்பட்டது, இன்றும் இறுதித் தீர்ப்பு அதனுடையதே. மூளையின் மேற்பரப்பு நாளங்களுக்குள் குருதி பின்னோக்கித் தள்ளப்பட்டால் இரத்தக் கசிவு ஏற்படலாம் என்பதால் தாமதிக்கவில்லை. குழாய் வழியாகவே அடைத்தார்கள்.

உங்கள் வீட்டில் யாராவது, இதயம் துடிக்கும் அதே தாளத்தில் ஒரு காதுக்குள் சத்தம் கேட்கிறது என்றால், வைத்தியரிடம் அந்தச் சொற்களிலேயே சொல்லுங்கள். கண் சிவந்து வீங்கியிருந்தாலோ, முன்பு தலையில் அடிபட்டிருந்தாலோ அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எல்லாச் சத்தமும் இந்த நோயல்ல, வேறு காரணங்களும் பல உண்டு. அந்தத் தாயிடம் நாங்கள் போய் மன்னிப்புக் கேட்டோம். சிரித்துவிட்டு, "இப்ப சுவர் மணிக்கூட்டுச் சத்தந்தான் கேக்குது" என்றார்.